பழத்தைத் தின்னலாம்... பருப்பைத் தொடாதே!

சவுகார்பேட்டை பக்கம் உலர்பழக் கடைகளில் முந்திரி, திராட்சைக்குப் பக்கத்தில் ஆரஞ்சு நிறத்தில் பளபளவென்று ஒரு பழம் குவிந்து கிடக்கும். காது மடல் மாதிரி சுருங்கி இருக்கும். அதுதான் ஆப்ரிகாட். இந்திக்காரர்களுக்கு குபானி. ஜர்தாலு என்றும் சொல்வார்கள்.

வாங்கித் தின்னுங்கள். தப்பே இல்லை. ஆனால் அந்தப் பழத்துக் கொட்டையை உடைத்து, உள்ளே இருக்கும் கசப்புப் பருப்பை “புற்றுநோய்க்குக் கைகண்ட மருந்து” என்று ஒரு கூட்டம் விற்கிறதே... ஆபத்து அங்கேதான்!

லடாக் சீமையில்...

இந்தியாவில் இந்தப் பழத்துக்குப் பேர் போன இடம் லடாக். கார்கில், லே வட்டாரங்களில் ஏப்ரல் மாதம் மரம் பூத்துக் குலுங்கும். பழம் பழுத்ததும் வீட்டு மாடியிலும் பாறையிலும் பரப்பிக் காய வைப்பார்கள். பனிக்காலத்துக்கு அதுதான் கையிருப்பு. அங்கே விளையும் ரக்சே கார்போ என்ற ரகத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் கொட்டை வெள்ளை. பருப்பு இனிப்பு.

கசப்புப் பருப்பையும் அங்கே வீணாக்க மாட்டார்கள். ஆட்டி எண்ணெய் எடுப்பார்கள். தலைக்குத் தேய்க்க, மூட்டு வலிக்குத் தடவ அந்த எண்ணெய்தான். ஐதராபாத் கல்யாண விருந்தில் ‘குபானி கா மீட்டா’ இல்லாவிட்டால் சம்பந்தி முகம் சுளிப்பார்! சீனாவிலோ ‘ஆப்ரிகாட் தோப்பு’ என்றாலே வைத்தியத் தொழில் என்று அர்த்தம். காசு வாங்காத வைத்தியர் ஒருவர், குணமானவர்களை மரம் நடச் சொன்னாராம். அந்தக் கதையிலிருந்து வந்த பெயர்.

இன்னொரு சேதி. நம்ம ஊர் நாயனத்துக்கு ஆச்சா மரம். ஆர்மீனியாவின் டுடுக் குழலுக்கு ஆப்ரிகாட் மரம்!

சத்து உண்டா? உண்டு. மலச்சிக்கலுக்கு நல்லது. கண்ணுக்கு வேண்டிய ‘ஏ’ வைட்டமினாக உடம்பில் மாறும் சத்து இருக்கிறது. (முருங்கைக்கீரையில் அதைவிட அதிகம். விலையும் குறைவு. அது வேறு கதை!) ஆனால் உலர்ந்த பழத்தில் பாதிக்குப் பாதி சர்க்கரை. 100 கிராமில் 1,100 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம். சர்க்கரை வியாதிக்காரர்கள் அளவோடு நிறுத்த வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

“என்ன சேட்டு, இது கறுத்துப் போச்சே, பழசா?”

“இல்லம்மா, அதுதான் நல்ல சரக்கு!”

சேட்டு சொல்வது பொய்யல்ல. ஆரஞ்சு நிறம் மங்காமல் இருக்க கந்தகப் புகை காட்டுகிறார்கள். புகை காட்டாத பழம் கறுத்துத்தான் போகும். கந்தகம் ஏறிய பழம் ஆஸ்துமாக்காரர்கள் சிலருக்கு இழுப்பைக் கிளப்பிவிடும்.

‘வைட்டமின் பி-17’ மோசடி

இப்போது பருப்புக்கு வருவோம். கசப்புப் பருப்பில் அமிக்டாலின் என்று ஒரு பொருள் இருக்கிறது. மென்று தின்றால் அது உடம்புக்குள் சயனைடாக மாறும். ஆமாம், அதே சயனைடுதான்! மரவள்ளிக் கிழங்கிலும் இந்த மாதிரி விஷம் உண்டு. அதனால்தான் வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டுகிறார்கள் தாய்மார்கள். இந்தப் பருப்பையோ பச்சையாக மெல்லச் சொல்கிறார்கள்!

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-ல் கணக்குச் சொன்னது. பெரியவர்கள் சின்னப் பருப்பில் மூன்றுக்கு மேல் தின்றாலே எல்லை தாண்டிவிடும். சின்னக் குழந்தைக்கு ஒரே ஒரு பருப்பு போதும். தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி, மூச்சுத் திணறல்... முற்றினால் உயிருக்கே உலை!

இந்த விஷத்துக்கு அமெரிக்காவில் ‘வைட்டமின் பி-17’ என்று பெயர் சூட்டினார்கள். வைட்டமினும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ‘லேட்ரில்’ என்ற பெயரில் மருந்தாகவும் விற்றார்கள். ஹாலிவுட் நடிகர் ஸ்டீவ் மெக்வீன் அதை நம்பி மெக்சிகோவுக்குப் போனார். 1980-ல் 50 வயதில் இறந்தார். 178 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த சோதனை முடிவு 1982-ல் வெளியானது. குணமானவர் ஒருவரும் இல்லை. சிலர் ரத்தத்தில் சயனைடு ஆபத்தான அளவை நெருங்கியதுதான் மிச்சம்.

“ஹன்சா பள்ளத்தாக்கில் இதைத் தின்றுதான் 120 வயது வாழ்றாங்க, புற்றுநோயே கிடையாது” என்று வாட்ஸ்-அப்பில் சுற்றுகிறது. அந்தக் காலத்தில் அங்கே பிறப்புப் பதிவேடே இல்லை. 120 என்று எண்ணியது யார்? 1950 வாக்கில் அங்கே தங்கிய ஜான் கிளார்க் என்ற அமெரிக்கர், மலேரியா, சீதபேதி என்று வந்தவர்களுக்கு மருந்து கொடுத்தே களைத்தார்.

மார்பில் சிறு கட்டி என்று தெரிந்த ஒரு பெண், கத்திக்குப் பயந்து ஆறு மாதம் பருப்பு மென்றால் என்ன ஆகும்? ஆரம்பத்தில் வந்தால் பெரும்பாலும் தீர்க்கக் கூடிய நோய் அது. அடையாறில் 1954 முதல் புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே போக வேண்டிய நாட்களைப் பருப்பு தின்றுவிடுகிறதே!

இணையக் கடையில் பொட்டலம் போட்டு விற்பவர்கள், “பச்சையாகத் தின்றால் விஷம்” என்று தமிழில் ஒரு வரி அச்சடித்தால் என்ன? அதற்கு என்ன செலவாகிவிடும்?