இரண்டு நாள்... ஒரே ஊர்... கூடவே இரண்டு வாண்டுகள்!

தாம்பரத்தில் இருக்கும் அந்த வீட்டில் ஐந்து வயதில் ஒரு மகள், இரண்டு வயதில் ஒரு மகன். பொங்கல் முடிந்த கையோடு அப்பா ஒரு தாளும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டார். பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டால் மூன்று நாள் கிடைக்கும். கடலோரமாக எங்கேயாவது போய் வரலாம். கால் மணி நேரத்தில் பட்டியல் தயார்: பிச்சாவரம், பூம்புகார், திருக்கடையூர், தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர், வேளாங்கண்ணி.

தாளை வாங்கிப் பார்த்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. தரங்கம்பாடியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். மற்ற ஆறையும் அடித்துவிட்டார்.

“என்னம்மா இது? அவ்வளவு தூரம் போயிட்டு ஒரே ஊரா?”

“போன வருஷம் நடந்தது மறந்துபோச்சாங்க?”

அவரும் மறக்கவில்லை. போன வருஷம் இரண்டு நாளில் நாலு இடம் பார்த்தார்கள். மூன்றாவது இடம் ஒரு கடற்கரை. போய்ச் சேரும்போதே மாலை ஐந்தரை. “சீக்கிரம் பாத்துட்டுக் கிளம்பணும்” என்று சொல்லிக்கொண்டே எல்லோரும் இறங்கினார்கள். அம்மா கைக்குழந்தைக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தார். அப்பா போனில் டிரைவரிடம் வண்டி எங்கே நிற்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார். பாட்டி செருப்புகளைப் பொறுக்கி ஓரமாக வைத்தார். மகள் அம்மாவிடம் இருக்கிறாள் என்று அப்பா நினைத்தார், அப்பாவிடம் இருக்கிறாள் என்று அம்மா நினைத்தார். திரும்பிப் பார்த்தால் அவளைக் காணோம்.

மூன்று நிமிஷம் இருக்கும். சோளம் விற்கிற தள்ளுவண்டிக்குப் பின்னால் உட்கார்ந்து கிளிஞ்சல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எதுவும் ஆகவில்லை. ஆனால், அன்று ராத்திரி அம்மா தூங்கவில்லை.

அந்த மூன்று நிமிஷத்துக்கு யார் கவனக்குறைவு காரணம் என்று அந்த வீட்டில் பல நாள் பேச்சு ஓடியது. கடைசியில் பிடிபட்ட விஷயம் ஒன்றுதான். யாரும் அசட்டையாக இல்லை, எல்லோருக்கும் அவசரம். அடுத்த இடத்துக்கு நேரமாகிவிட்டது என்ற அந்த அவசரம்தான் கண்ணை மறைத்தது. சின்னக் குழந்தைகளோடு கடலுக்குப் போகிறவர்களுக்கு நிதானம் ஒரு சொகுசு அல்ல. அதுதான் முதல் பாதுகாப்பு.

ஏன் தரங்கம்பாடி?

மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கும் சின்ன ஊர் இது. கடற்கரை, கோட்டை, பழைய தேவாலயங்கள், கரையோரச் சிவன் கோயில் எல்லாம் நடக்கிற தூரத்தில்தான். ஒரு முறை ஊருக்குள் வந்துவிட்டால் குழந்தைகளை மறுபடி மறுபடி வண்டியில் ஏற்றி இறக்க வேண்டாம். குழந்தைகளுக்கு ஊர் தேடும்போது ‘என்னென்ன இருக்கிறது’ என்பதைவிட ‘எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது’ என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மாதமும் முக்கியம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மழையும் புயலுமாகக் கடல் கொந்தளிக்கிற காலம். ஏப்ரல், மே என்றால் விடுமுறை இருக்கும், வெயிலும் இருக்கும். தவிர, கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது என்பதால் மீன் வரத்து குறைந்துவிடும். மீனுக்காகவே கடலோரம் போகிற குடும்பங்கள் இதையும் கணக்கில் வைக்கலாம். ஜனவரி பாதியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை குழந்தைகளுக்குத் தோதான காலம்.

போவதும் தங்குவதும்

சென்னையிலிருந்து ஏறக்குறைய 280 கிலோமீட்டர். காரில் போகலாம் என்றார் அப்பா. இரண்டு வயதுக்காரனை ஆறு மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் உட்கார வைக்க முடியாது என்றார் அம்மா. கடைசியில் சோழன் எக்ஸ்பிரஸ் முடிவானது. பகல் வண்டி, மயிலாடுதுறையில் நிற்கும். குழந்தை நடக்கலாம், ஜன்னலில் வேடிக்கை பார்க்கலாம், தூக்கம் வந்தால் மடியில் படுக்கலாம். மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடி சுமார் 30 கிலோமீட்டர். பஸ்ஸும் உண்டு, வாடகை காரும் கிடைக்கும்.

“எங்க காலத்துல மாயவரத்துலேருந்து தரங்கம்பாடிக்கே ரயில் போகும்டா” என்றார் பாட்டி. உண்மைதான். அந்தப் பாதையில் 1986-ல் ரயிலை நிறுத்திவிட்டார்கள். வழியெல்லாம் பேத்திக்கு அந்த ரயில் கதைதான்.

ஊர் சின்னது, தங்கும் விடுதிகளும் குறைவு. அதனால் அறையை முன்கூட்டியே பதிவு செய்தார்கள். பதிவு செய்யும்போது அம்மா போனில் கேட்டது ஐந்தே கேள்விகள். தரைத்தள அறை கிடைக்குமா? பால்கனி இருந்தால் கம்பி இடைவெளி எவ்வளவு? வாசலிலிருந்து கடலுக்கு நேராக வழி திறந்திருக்குமா, கேட் உண்டா? ராத்திரி பால் காய்ச்சித் தருவார்களா? குழந்தைகளுக்கு ஏழு மணிக்கே இட்லியோ ரசம் சாதமோ கிடைக்குமா? கடல் தெரிகிற அறையா என்று அவர் கேட்கவே இல்லை.

ஒரு நாளைக்கு ரெண்டே வேலை

அடித்த பட்டியலுக்குப் பதிலாக ஒரு விதியை வைத்துக்கொண்டார்கள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. நடுவில் பதினோரு மணியிலிருந்து நாலு மணி வரை அறையைவிட்டு யாரும் வெளியே போவதில்லை. அது வெயிலுக்கும் நல்லது, தூக்கத்துக்கும் நல்லது.

வெள்ளி மாலை போய்ச் சேர்ந்ததும் கடலுக்கு ஓடவில்லை. 1792 என்று ஆண்டு பொறித்த பழைய நகர வாசல் வழியாக நுழைந்து, ராஜ வீதியில் சும்மா நடந்தார்கள். 1701-ல் கட்டிய சீயோன் ஆலயம், 1718-ல் சீகன்பால்கு கட்டிய புதிய எருசலேம் ஆலயம் இரண்டும் அதே வீதியில். தமிழில் புதிய ஏற்பாட்டை முதன்முதலில் அச்சடித்த ஊர் இது என்று அப்பா சொல்லத் தொடங்கினார். மகளுக்கு வழியில் பார்த்த பூனைதான் பெரிசாக இருந்தது. விட்டுவிட்டார்கள்.

சனி காலை ஆறரைக்குக் கடற்கரை. கிழக்குக் கரை என்பதால் சூரியன் கடலிலிருந்து எழுந்தது. எட்டரைக்கெல்லாம் வெயில் ஏறும் முன்பே அறைக்குத் திரும்பினார்கள். மாலை கோட்டை. தஞ்சை ரகுநாத நாயக்கரின் அனுமதியோடு டென்மார்க்காரர்கள் 1620-ல் கட்டிய டேன்ஸ்பர்க் கோட்டை. 1845-ல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். உள்ளே சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது. வார விடுமுறை எந்த நாள், எத்தனை மணிக்கு மூடுவார்கள் என்பதைக் காலையிலேயே விடுதியில் விசாரித்துக்கொண்டார்கள். ஒரு கதையும் ஒரு பீரங்கியும் காட்டினால் ஐந்து வயதுக்குப் போதும். அரை மணி நேரத்தில் வெளியே வந்து, கோட்டைக்கு முன்னால் ஓடி விளையாடினார்கள்.

“இப்ப யார் டியூட்டி?”

இந்தப் பயணத்தில் அவர்கள் கண்டுபிடித்த ஒரே புது விஷயம் இதுதான். கடலோரத்தில் ஒரு நேரத்தில் ஒரு பெரியவர் மட்டும் ‘டியூட்டி’. அவர் போனைத் தொடக் கூடாது, போட்டோ எடுக்கக் கூடாது, பேச்சில் மூழ்கக் கூடாது. கண் குழந்தைகள்மீது இருக்க வேண்டும். கால் மணி நேரம் ஆனதும் அடுத்தவர் பெயரைச் சொல்லி, அவர் “சரி, நான் பாத்துக்கறேன்” என்று வாயால் சொன்ன பிறகுதான் எழுந்திருக்கலாம். எல்லோரும் பார்க்கிறார்கள் என்ற நினைப்பில்தானே போன வருஷம் யாருமே பார்க்காமல் போனார்கள்?

தண்ணீரில் கால் நனைக்கும்போது ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவர், கைக்கெட்டும் தூரத்தில். தண்ணீர் குழந்தையின் கணுக்காலுக்கு மேல் வேண்டாம். முழங்கால் அளவு அலைகூடச் சின்னக் குழந்தையைச் சாய்த்துவிடும். அலை பின்வாங்கும்போது காலடி மணலையும் சேர்த்து இழுக்கும். அலை உடையாமல் அமைதியாகத் தெரிகிற இடத்தை நம்பிவிடக் கூடாது. கடலுக்குள் இழுக்கிற நீரோட்டம் அங்கேதான் இருக்கலாம். காற்றடைத்த டியூப்பும் பொம்மையும் பாதுகாப்புச் சாதனங்கள் அல்ல. காற்று அடித்தால் குழந்தையோடு சேர்த்துத் தள்ளிக்கொண்டு போய்விடும்.

இன்னொன்றையும் பெற்றோர் மனதில் வைக்க வேண்டும். தண்ணீரில் மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கத்துவதில்லை. சத்தம் கேட்டால் ஓடிவிடலாம் என்று முதுகைக் காட்டி உட்காருவது ஆபத்து.

எங்கே நிற்கலாம் என்பதைக் கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் கேட்டார்கள். “அந்தக் கல்லுப் பக்கம் போவாதீங்க, வழுக்கும். இந்தப் பக்கம் நில்லுங்க. புள்ளைவோ கைய விட்டுடாதீங்க” என்றார். 2004 சுனாமியில் பெரும் அடி வாங்கிய ஊர் இது. கடலைப் பற்றி அங்கே இருப்பவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்டுக்கொள்வதுதான் மரியாதை.

பையில் என்ன?

மிளகாய்ப்பொடி தடவாமல் நெய் தடவிய இட்லி, முதல் நாள் வழிக்கு. காய்ச்சி ஆறவைத்த தண்ணீர். நாலு உப்புக்கரைசல் பாக்கெட். காய்ச்சல் மருந்து, டாக்டர் சொன்ன அளவை எழுதி ஒட்டிய பாட்டிலோடு. பருத்தித் துண்டு மூன்று, தொப்பி, முழுக்கைச் சட்டை. மணல் கண்ணில் விழுந்தால் தேய்க்காமல் கழுவுவதற்குத் தனியாக ஒரு பாட்டில் நல்ல தண்ணீர். கரையில் ஜெல்லி மீன் கிடந்தால் தொடக் கூடாது என்று மகளிடம் முன்பே சொல்லி வைத்தார்கள்.

கடற்கரைக்கு இரண்டு பேருக்கும் ஆரஞ்சு நிறச் சட்டை. நீலமும் சாம்பல் நிறமும் தண்ணீரோடு கலந்து கண்ணுக்குத் தப்பிவிடும். சட்டைப் பையில் அப்பாவின் போன் நம்பர் எழுதிய சீட்டு. பெரியவர்கள் போனில் 112, 108 இரண்டும் தயார். வாளியும் கரண்டியும் வீட்டில் இருந்த பழையவைதான்.

யாருக்கு லீவு?

குடும்பத்தோடு ஊருக்குப் போனால் பல வீடுகளில் அம்மாவுக்குச் சமையல்கட்டிலிருந்து மட்டும்தான் விடுதலை. ஊட்டுவது, கழுவுவது, தூங்க வைப்பது எல்லாம் ஊர் மாறினாலும் மாறாது. சனி மதியம் சாப்பாடு முடிந்ததும் பாட்டி மகனைப் பார்த்து, “ரெண்டு பேரையும் நீ பாத்துக்க. அவ கொஞ்சம் படுக்கட்டும்” என்றார்.

“இல்ல அத்தை, நான் பாத்துக்கறேன்...”

“படும்மா.”

அப்பா இரண்டு பேரையும் நடுவில் போட்டுக்கொண்டு கதை சொன்னார். சின்னவன் தூங்கினான். பெரியவள் தூங்காமல் கிளிஞ்சலை எண்ணினாள். அம்மா யாரும் எழுப்பாமல் ஒன்றரை மணி நேரம் தூங்கினார். எழுந்தபோது, எத்தனை நாளாயிற்று இப்படித் தூங்கி என்று அவராலேயே கணக்குப் போட முடியவில்லை.

ஞாயிறு காலை கொஞ்ச நேரம் கடல். பிறகு பாட்டிக்காக, அடித்த பட்டியலிலிருந்து ஒரே ஓர் ஊர் திரும்ப உள்ளே வந்தது. மயிலாடுதுறை போகிற வழியிலேயே திருக்கடையூர். அபிராமியைத் தரிசித்துவிட்டு, பிற்பகல் ரயிலைப் பிடித்தார்கள். பூம்புகாரும் வேளாங்கண்ணியும் எங்கேயும் போய்விடாது. குழந்தைகள் இன்னும் கொஞ்சம் வளரட்டும்.

தாம்பரத்தில் இறங்கும்போது பிளாட்பாரம் முழுக்கக் கூட்டம். சின்னவன் அப்பா தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். இரண்டு பையையும் தூக்கிக்கொண்டு அம்மா பழக்கத்தில் கேட்டார்:

“இப்ப யார் டியூட்டி?”

“நான்தான்!” என்றாள் மகள், பாட்டியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. “பாட்டி, கைய விட்டுடாத.”