மாதம் 250 ரூபாயில் மண்ணைப் படிக்க முடியுமா?

திருவொற்றியூரில் நாங்கள் நடத்தும் மாலைப் படிப்பகத்துக்கு வரும் மாணவி ஒருவர், அரசுக் கல்லூரியில் நிலவியல், அதாவது ஜியாலஜி படிக்கிறார். எர்ணாவூர் குடியிருப்புப் பெண். போன பருவத்தில் அரியலூருக்குக் களப்பயணம். பஸ், தங்குமிடம், சாப்பாடு என்று 6,500 ரூபாய் கேட்டார்கள். "டூருக்குப் போகாட்டி என்ன?" என்று பக்கத்து வீட்டில் கேட்டதை எங்களிடம் சொல்லிவிட்டு, "இது ஜாலி டூராக்கா? இதுக்கு மார்க்கு இருக்கு" என்றார்.

அவர் சொல்வது சரி. பாறையைப் பார்க்காமல் நிலவியல் படிக்க முடியாது. அரியலூரின் புதைபடிவங்களையும் சேலத்தின் மேக்னசைட்டையும் நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும். சுத்தியல், லென்ஸ், திசைகாட்டி, நல்ல ஷூ எல்லாம் வேண்டும். அரசுக் கல்லூரியில் கட்டணம் குறைவு என்பதால் ஏழைப் பிள்ளைகள் சேர்ந்துவிடுகிறார்கள். களத்துக்குக் கிளம்பும்போதுதான் கதவு மூடுகிறது.

உதவித்தொகை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை 1944-இல் தொடங்கியது. வைசிராயின் நிர்வாகக் குழுவில் இருந்தபடி பாபாசாகேப் அம்பேத்கர் போராடிப் பெற்றுத் தந்த உரிமை அது. 1913-இல் பரோடா மன்னர் கொடுத்த மாதம் பதினொன்றரை பவுண்டில்தான் அவரே கொலம்பியாவில் படித்தார். நேரத்துக்கு வரும் உதவித்தொகை என்ன செய்யும் என்பதற்கு அவரைவிடப் பெரிய சாட்சி நமக்கு வேண்டுமா?

இன்று அந்தத் திட்டம் என்ன தருகிறது? 2020 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஐந்தாண்டுகளுக்கு 59,048 கோடி ரூபாய் என்று பெரிதாக அறிவித்தது. அதன் விதிப்படி, வீட்டிலிருந்து போய் வரும் சாதாரணப் பட்டப்படிப்பு மாணவருக்குக் கல்விப்படி ஆண்டுக்கு 3,000 ரூபாய். மாதம் 250. எண்ணூரிலிருந்து சேப்பாக்கம் போய் வந்து, மதியம் ஒரு சாப்பாடு சாப்பிட்டால் எத்தனை நாள் தாங்கும்? அதுவும் மாநிலம் தன் 40 சதவீதத்தைப் போட்ட பிறகுதான் ஒன்றியத்தின் 60 சதவீதம் கணக்குக்கு வரும். பணம் வருவதற்குள் களப்பயணம் முடிந்திருக்கும்.

எங்கள் மாணவிக்கு அந்த 250-ம் இல்லை. அப்பா துறைமுகத்தில் ஒப்பந்தத் தொழிலாளி, மாதம் 15,000. அம்மா வீட்டுவேலையில் 6,000. ஆண்டுக்கு 2,52,000. உச்சவரம்பு இரண்டரை லட்சம். இரண்டாயிரம் ரூபாய் கூடுதலாகச் சம்பாதித்த குற்றத்துக்கு விண்ணப்பம் நின்றுபோனது. ஆனால் 2019-இல் வந்த உயர்சாதி ஏழைகளுக்கான பத்து சதவீத ஒதுக்கீட்டில் வரம்பு எட்டு லட்சம். அது ஒதுக்கீடு, இது உதவித்தொகை, இரண்டையும் ஒப்பிடலாமா என்று சிலர் கேட்பார்கள். ஒரே அரசுக்கு ஏழை என்பதற்கு இரண்டு அளவுகோல் எப்படி வந்தது என்பதுதான் எங்கள் கேள்வி.

இந்தப் படிப்பைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறோம்? நாம் வாழும் இடம் அப்படி. 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகம் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது வாளியில் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்தை மூடியபோதும் மீனவர்களும் கூலித் தொழிலாளிகளும்தான் படகில் போய் அள்ளினார்கள். அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியதும் நம் மக்கள். அள்ளும் கை நம்முடையது. அளந்து அறிக்கை எழுதும் கை மட்டும் எப்போதும் வெளியிலிருந்து வருகிறது.

1996-இல் ஒன்றிய அரசு ஒப்புதல் தந்த கடலோர வரைபடத்தில் எண்ணூர்க் கழிவெளி இருந்தது. பின்னால் வந்த இன்னொரு வரைபடத்தில் அது காணாமல் போனதை 2017-இல் சூழல் ஆர்வலர்கள் வெளிக்கொண்டு வந்தார்கள். வரைபடம் படிக்கத் தெரிந்தவர் இல்லையென்றால் ஓர் ஆற்றையே காகிதத்தில் அழித்துவிடலாம். கழிமுகத்தில் கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர் பெண்களுக்குச் சாம்பல் எங்கே படிந்திருக்கிறது என்று தெரியும். ஆனால் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் அந்த அறிவுக்கு மதிப்பில்லை, பட்டம் கேட்கிறார்கள். சரி, பட்டம் வாங்குகிறோம். அதற்கு வழி விடுங்கள்.

அமெரிக்காவிலும் இதே நிலைதான். அங்கே புவி அறிவியல் முனைவர் பட்டங்களில் நாற்பது ஆண்டுகளாகச் சிறுபான்மை இனத்தவரின் பங்கு முன்னேறவில்லை என்று 2018-இல் நேச்சர் ஜியோசயின்ஸ் இதழில் ரேச்சல் பெர்னார்டும் எமிலி கூப்பர்டாக்கும் எழுதினார்கள். ஆர்வமில்லை என்று சொல்லி நம் பிள்ளைகளைத் தள்ளிவிட வேண்டாம்.

நாங்கள் கேட்பது நான்கு. ஒன்று, வருமான வரம்பை எட்டு லட்சமாக்குங்கள். இரண்டு, களப்பணி கட்டாயமான படிப்புகளுக்குத் தனிப்படி கொடுங்கள். பயணத்துக்கு முன்பே கல்லூரிக்கு அனுப்புங்கள். மூன்று, மாசுபடுத்தும் ஆலைகளிடம் வசூலிக்கும் சுற்றுச்சூழல் இழப்பீட்டில் ஒரு பங்கை அந்தப் பகுதிப் பட்டியல் சாதி, பழங்குடி, மீனவ மாணவர்களின் படிப்புக்கு ஒதுக்குங்கள். நான்கு, காற்றையும் நீரையும் கண்காணிக்கும் அரசுப் பணிகளில் இவர்களுக்குச் சம்பளத்தோடு பயிற்சி கொடுங்கள். ஆலை வாசலில் நின்று வாங்கும் நன்கொடைப் புத்தகப் பை எங்களுக்கு வேண்டாம்.

அந்த 6,500 ரூபாயைப் படிப்பகத்தில் பதினோரு பேர் சேர்ந்து போட்டோம். மாணவி அரியலூர் போய் வந்தார். கடல் இருந்த இடம் என்று சொல்லி, ஒரு சிப்பிப் படிவத்தின் படத்தைச் சின்னப் பிள்ளைகளுக்குக் காட்டினார். அடுத்த ஆண்டும் களப்பயணம் உண்டு. அதற்குள் அரசு பதில் சொல்ல வேண்டும். எல்லாப் பிள்ளைகளுக்கும் பதினோரு பேர் கிடைக்க மாட்டார்கள்.

ஜெய் பீம்.