நெடும்பயணமும் நண்பர் உடன்படிக்கையும்

எமது கல்லூரியில் எம்முடன் ஒரே வகுப்பிற் பயின்ற நால்வர் இன்று அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரில் வாழ்கின்றனர். கரவன் எனப்படும் வீட்டுவண்டிகள் இரண்டைத் தம் கார்களின் பின்னே பூட்டி, அந்நாட்டின் நடுவேயுள்ள பாலைநிலத்தைக் கடந்து, வடகரையிலுள்ள டார்வின் வரை சென்றுமீள அவர்கள் எண்ணியுள்ளனர். தம் திட்டத்தை எமக்கும் அனுப்பிக் கருத்து வினவினர். பாலையைப் பாடநூலிலே கண்ட தமிழாசிரியர்க்கு இதிற் கூறுதற்கு யாதுளது என அன்பர் நகைத்தல் கூடும். ஆயினும் ஒன்று உளது.

வள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். நண்பர்கள் காலத்தை நன்கு அறிந்துள்ளனர். கோடையில் உள்நாட்டு வெப்பம் 40 பாகைக்கு மேற் செல்லும். நவம்பர் முதல் ஏப்பிரல் வரை வடபால் மழைவெள்ளம் வழிகளை மறிக்கும். ஆதலின் மே மாதத்திற் புறப்படுகின்றனர். இடத்தையும் அறிந்துள்ளனர். போர்ட் ஒகஸ்தாவிலிருந்து டார்வின் வரையுள்ள ஸ்ருவேட் நெடுஞ்சாலை ஏறக்குறைய 2,700 கிலோமீற்றர். நம் இலங்கையின் நீளத்தைப்போல் ஆறு மடங்கு. எரிபொருள் நிலையங்களிடையே 200 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வெளிகளும் உள. அந்திக்குப் பின் கங்காருக்கள் வழியிற் பாயுமாதலின் இரவில் வண்டி செலுத்துவதில்லை எனவும், ஆதிக்குடிகளின் நிலங்களுட் புகுமுன் வேண்டுமிடத்து அனுமதி பெறுவதெனவும் குறித்துள்ளனர். தண்ணீர்க் கலங்கள், மேலதிகச் சில்லுகள், சமையற் பாத்திரங்கள் யாவும் எண்ணிக்கையுடன் எழுதப்பட்டிருந்தன. வள்ளுவர் முதலில் வைத்த வலியறிதலுக்கு மட்டும் அதில் ஒரு பக்கமுமில்லை.

அப்பக்கம் இல்லாமையால் விளைந்த கேட்டை அந்நாட்டு வரலாறே காட்டும். 1860 ஓகஸ்ட் 20 ஆந் திகதி, பேக் என்பார் தலைமையிற் பெருங்கூட்டமொன்று கண்டத்தை ஊடறுக்க மெல்பேணிலிருந்து புறப்பட்டது. கூப்பர் ஓடையில் ஒரு பகுதியினரைக் காவலிருத்தி, பேக், வில்ஸ், கிங், கிரே என்னும் நால்வர் டிசெம்பர் 16 ஆந் திகதி வடகடல் நோக்கிச் சென்றனர். காவலிருந்தோருக்கு மூன்று மாதத் தவணை கூறப்பட்டது. அவர்கள் நான்கு மாதத்துக்கு மேற் காத்திருந்து, 1861 ஏப்பிரல் 21 ஆந் திகதி காலை அவ்விடம் நீங்கினர். சென்றவர் மீண்டதோ அன்று மாலை! திரும்பும் வழியிற் கிரே நோயுற்றபோது, அவர் நடக்க இயலாதவர்போல் நடிக்கிறார் என்றே வில்ஸ் தம் நாட்குறிப்பில் எழுதினார். சில நாளிற் கிரே மாண்டார். அவரைப் புதைத்தலில் ஒருநாள் கழிந்தது. பின்னர்ப் பேக்கும் வில்ஸும் மடிந்தனர். யந்துருவந்தா என்னும் ஆதிக்குடியினர் உணவளித்துப் பேணியமையாற் கிங் ஒருவரே உயிர் தப்பினார். ஒட்டகங்களும் வண்டிகளும் பொருள்களும் மிகுதியாக இருந்தன. தம்முள் மெலிந்தவனின் சொல்லை நம்பும் மனமும், பிரிந்தோர் கூடுதற்குத் தெளிவான ஏற்பாடும் இல்லை.

"உயிர் நண்பரிடையே உடன்படிக்கை எதற்கு?" எனச் சிலர் கேட்பர். நட்பு மிக்க இடத்திலேதான் நாணமும் மிகும் என்பது எம் விடை. அந்நால்வருள் ஒருவர் நாள்தோறும் இன்சுலின் ஏற்றுபவர். அம்மருந்து மிகு வெப்பத்திற் கெடும். தம்பொருட்டுப் பயணம் தடைப்படுமோ என அஞ்சி அவர் அதனை மறைத்திருந்தார். எம்மிடம் மட்டும் சொன்னார். யாம் வற்புறுத்தியபின் ஏனையோர்க்கும் உரைத்தார். அவர்கள் ஒருவரும் முகஞ்சுளிக்கவில்லை. நாளொன்றுக்குச் செல்லும் தூரத்தைக் குறைத்தனர். இரண்டாவது வண்டியிலும் ஒரு குளிர்ப்பெட்டி வைத்தனர். இச்செய்தியை அவர் இசைவுடனேயே ஈண்டு எழுதுகின்றோம்.

ஆகவே பயணம் புறப்படுவோர் ஒருநாள் கூடியிருந்து சிலவற்றை எழுதிக்கொள்க. அவரவர் நோயும் மருந்தும் அனைவரும் அறிதல் வேண்டும். பின்வருபவரே வேகத்தை வகுத்தல் வேண்டும். வண்டிகள் பிரிந்தால் எங்கே, எத்துணை நேரம் காத்திருப்பது என்பது முன்னரே துணியப்படல் வேண்டும். பழுதுற்ற வண்டியை விட்டு எவரும் நடந்து செல்லலாகாது. "திரும்புவோம்" என ஒருவர் உரைப்பின், காரணங் கேட்டு இகழாது அனைவரும் திரும்புதல் வேண்டும். 1928 இல் தொடங்கிய பறக்கும் மருத்துவர் சேவை இன்றும் அப்பெருவெளியில் உயிர் காக்கின்றது. எனினும் கைத்தொலைபேசி எட்டாத இடங்கள் பலவாதலின், அவர்களை அழைத்தற்குச் செய்மதித் தொலைபேசி இன்றியமையாதது.

வகுப்பிற் பின்தங்கியவனை நோக்கியே பாடத்தின் வேகத்தை அமைக்க என ஆசிரியர் கலாசாலையில் எமக்குக் கற்பித்தனர். அந்நெறி பாலைவழிக்கும் பொருந்தும் என்பதே எம் கருத்து. நண்பர் நால்வரும் இனிதே சென்று, நால்வராகவே மீள்க!