கிராஸ்ஓவர் புள்ளி ஒரு மொழியியல் கேள்வி

திருவனந்தபுரத்தில் வீட்டிலேயே ஹார்ன் ஒலிபெருக்கி செய்யும் ஆர்வலர் ஒருவர் கடைக்குப் போனால் கேட்கும் முதல் கேள்வி: "இந்த கம்ப்ரஷன் டிரைவர் எத்தனை வாட்?" இரண்டாவது கேள்வி: "இருபதாயிரம் ஹெர்ட்ஸ் வரை போகுமா?" வூஃபர் எந்த அதிர்வெண்ணில் நின்று, டிரைவர் எந்த அதிர்வெண்ணில் தொடங்க வேண்டும் என்ற மூன்றாவது கேள்வியை அவர் கேட்பதே இல்லை. கடையில் கிடைக்கும் ஆயத்தப் பலகை எங்கே வெட்டுகிறதோ, அங்கேயே வெட்டு விழுகிறது. பெரும்பாலும் அது 2,000 முதல் 3,000 ஹெர்ட்ஸுக்குள் விழும்.

இதைத் தச்சு வேலை, பற்றவைப்பு வேலை என்று ஒதுக்கிவிட்டு, அதே நகரத்தின் மொழியியல் மாணவர்கள் தலையணி ஒலிபெருக்கியை மாட்டிக்கொண்டு ழகரத்தின் ஃபார்மண்டுகளை அளந்துகொண்டிருக்கிறார்கள். இரு தரப்பும் ஒரே பொருளின் இரு முனைகளைப் பிடித்திருக்கின்றன. அது ஒரே பொருள் என்பதை இரு தரப்பும் அறியவில்லை.

பேச்சின் வரைபடத்தில் அந்த வெட்டு விழும் இடத்தைப் பார்க்க வேண்டும். ஃபிரெஞ்ச், ஸ்டைன்பெர்க் இருவரும் 1947இல் வெளியிட்ட கட்டுரை, பேச்சின் தெளிவைச் சம பாதியாகப் பிரிக்கும் அதிர்வெண்ணைச் சுமார் 1,900 ஹெர்ட்ஸ் என்று கண்டது. அதற்கு மேலுள்ள ஒலியை மட்டும் கேட்டாலும், கீழுள்ளதை மட்டும் கேட்டாலும், அசைகளை அடையாளம் காணும் அளவு ஏறத்தாழ ஒன்றே. ஆயத்தப் பலகை பேச்சின் நடு முதுகெலும்பில் கத்தியை வைக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

அந்த ஆய்வு ஆங்கில அசைகளைக் கொண்டு செய்யப்பட்டது என்று ஒருவர் மறுக்கலாம். நியாயமான மறுப்பு, ஆனால் அது திராவிட மொழிகளுக்குச் சாதகமாக அமையாது. வலி, வளி, வழி என்று மூன்று சொற்களைப் பிரிக்கும் சுமையைத் தமிழ் நாநுனியின் மேல் ஏற்றி வைத்திருக்கிறது. நா மடியும்போது மூன்றாம் ஃபார்மண்ட் இறங்கி இரண்டாவதை நெருங்குகிறது; அந்த நகர்வு நடப்பது 2,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில். மலையாளம் இன்னும் கடுமையானது. பன்றியைக் குறிக்கும் 'பந்நி'யில் பல்லின மூக்கொலியும், 'கன்னி'யில் நுனியண்ண மூக்கொலியும் வருகின்றன. மலையாள எழுத்தோ இரண்டுக்கும் ஒரே வடிவத்தைத்தான் தருகிறது. எழுத்து காட்டாத வேறுபாட்டைக் காது மட்டுமே காக்கிறது. அந்தக் காதுக்குச் செல்லும் வழியில்தான் வெட்டு விழுகிறது.

வெட்டு விழுந்தால் என்ன, இரண்டு டிரைவர்களும் சேர்ந்து அதை நிரப்பிவிடாதா? நேர் எதிரே அமர்ந்திருப்பவருக்கு நிரப்பும். மற்றவர்களுக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. வூஃபரின் மையத்துக்கும் ஹார்னின் மையத்துக்கும் இடையே 40 செ.மீ. இருப்பதாகக் கொள்ளலாம். 2,000 ஹெர்ட்ஸில் ஒலியின் அலைநீளம் சுமார் 17 செ.மீ. நேர்க்கோட்டிலிருந்து 12 பாகை விலகினாலே இரண்டின் பாதை வேறுபாடு அரை அலைநீளமாகி, ஒன்றையொன்று அழிக்கும். கம்பத்தில் உயரே கட்டிய பெட்டிக்குக் கீழே நிற்கும் கூட்டத்தில் எத்தனை பேர் அந்த 12 பாகைக்குள் நிற்கிறார்கள்? வெட்டை 700 ஹெர்ட்ஸுக்கு இறக்கினால் அலைநீளம் 49 செ.மீ.; முதல் அழிவு 38 பாகைக்குத் தள்ளிப்போகிறது. அங்கே நிகழும் அழிவும் உயிரொலியின் உடம்பைத் தொடுமேயன்றி, மெய்யொலியின் அடையாளத்தைத் தொடாது. டிஜிட்டல் தாமதக் கருவி இதைச் சரிசெய்யும் என்போர், அது ஒரு திசைக்கு மட்டுமே சரிசெய்யும் என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை.

இறக்குவதற்கு விலை உண்டு. ஒரே ஒலியளவைத் தர, அதிர்வெண் குறையக் குறையச் சவ்வு மேலும் அதிகமாக அசைய வேண்டும். ஓர் அங்குலத் தொண்டையுள்ள சிறு டிரைவர் அதைத் தாங்காது. 3 அல்லது 4 அங்குலச் சவ்வுள்ள பெரிய டிரைவர் வேண்டும். ஹார்னும் துணை நிற்க வேண்டும்: அதன் விரிவு வீதம் நிர்ணயிக்கும் எல்லை அதிர்வெண்ணுக்குக் கீழே சவ்வுக்குச் சுமையே இராது, ஆகவே வெட்டு அந்த எல்லைக்குப் போதிய அளவு மேலே இருக்க வேண்டும். 450 ஹெர்ட்ஸ் எல்லையுள்ள ஹார்னுக்கு வாயின் சுற்றளவு ஓர் அலைநீளம், அதாவது சுமார் 77 செ.மீ. தேவை. பெரிய சவ்வு கனமானது என்பதால் 10,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலி தளரும். இருபதாயிரத்தைக் கேட்கும் ஆர்வலர் இங்கேதான் பின்வாங்குகிறார். தாளத்தின் கடைசிச் சிலிர்ப்புக்காக ஒரு மொழியின் நடுப்பகுதியை விற்பது பேரமாகாது.

முன்னோடிகள் இதை அறிந்திருந்தார்கள். 1933இல் ஃபிலடெல்ஃபியாவில் வாசித்த இசைக்குழுவை வாஷிங்டனில் ஒலிக்கச் செய்த பெல் ஆய்வகம் வெட்டை 300 ஹெர்ட்ஸில் வைத்தது. திரையரங்குக்கென வந்த ஆல்டெக் ஏ7-500 அதை 500இல் வைத்தது. வசனம் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்பது அந்தக் காலத் திரையரங்கின் பிழைப்பு.

மலையாளிகள் கோளாம்பி என்றும், தமிழர்கள் கூம்பு ஒலிபெருக்கி என்றும் அழைக்கும் பழைய கருவிக்கும் ஒரு நற்சொல் கூற வேண்டியிருக்கிறது. அதில் கிராஸ்ஓவரே கிடையாது. பேச்சின் முக்கியப் பகுதி முழுவதையும் ஒரே டிரைவர் சுமந்தது. பாட்டைக் கெடுத்தாலும் சொல்லைப் பிளக்கவில்லை. அதன் குற்றங்கள் வேறு: கிறீச்சிடும் ஒலியும், அளவு மீறிய முடுக்கமும். அக்குற்றங்களை மறைத்து ஏக்கப் பாட்டு பாடத் தேவையில்லை.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரம்பிட்டுள்ளன. சொல் புரியாதபோது அறிவிப்பாளர் செய்வது ஒன்றே: ஒலியைக் கூட்டுகிறார். வெட்டு சரியான இடத்தில் இருந்தால் குறைந்த டெசிபலில் அதே சொல் புரியும். ஆகவே இது ஆர்வலரின் அறைக்குள் முடியும் விவகாரமன்று. ஆற்றுகால் பொங்கல் நாளில் தெருக்களெங்கும் அடுப்புகளும் பெண்களும் நிறைந்திருக்கையில், காணாமற்போன குழந்தையின் பெயரோ, திரும்ப வேண்டிய தெருவின் பெயரோ ஒலிபெருக்கி வழியேதான் வருகிறது. அப்போது ணகரமும் னகரமும் குழம்புவதை இலக்கணப் பிழையாக யாரும் எண்ண மாட்டார்கள்.

காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் மொழியியல் துறை இருக்கிறது. மேனம்குளத்தில் பன்னாட்டுத் திராவிட மொழியியல் பள்ளி இருக்கிறது. ஆக்குளத்தில் பேச்சு, செவித்திறனுக்கான தேசிய நிறுவனம் 'நிஷ்' இருக்கிறது. செவித்திறன் சோதனைக்கான சொற்பட்டியல்கள் மருத்துவ அறைகளில் அன்றாடம் வாசிக்கப்படுகின்றன. வலி, வளி, வழி என்றும், பந்நி, கன்னி என்றும் ஒலி இணைகளை அடுக்கி, ஒலிபெருக்கி செய்பவர் கையில் தரத்தக்க ஒரு பட்டியலைத் தயாரிக்க ஒரு பருவத்தின் ஆய்வுத்திட்டம் போதும். அதை வாசிக்கச் செய்து, பெட்டிக்கு நேரே ஒருவரும் முப்பது பாகை விலகி ஒருவரும் நின்று கேட்டு எழுதினால், வெட்டு எங்கே இருக்க வேண்டும் என்பதை எந்த விற்பனைத் தாளையும்விடத் தெளிவாக அந்த இரண்டு காகிதங்கள் சொல்லும்.

ஒலிபுகா அறையில் மட்டும் உயிரோடிருக்கும் ஒலியனியல், தெருவில் தோற்றுக்கொண்டிருக்கிறது. அதை மீட்கும் வேலை பற்றவைப்பவருக்கு மட்டும் உரியதன்று.