உருவி விட்டால் தோள்வலி தீருமா?



மாலை மங்கியதும் நம் லயங்களில் தைல வாசனை எழாத நாள் உண்டா? காலையில் பிரட்டுக்கு நின்ற தோள், மாலையில் உருவி விட ஒரு கையைத் தேடுகிறது. ரப்பர் மரத்தில் மேல்பட்டைக்கு வெட்டு ஏறினால், தொழிலாளி தலைக்கு மேல் உளியைப் பிடிக்கிறார். ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட தோட்டங்களிலோ, நீண்ட கம்பின் நுனியில் அரிவாளை மாட்டி, அண்ணாந்து நின்று குலை அறுக்கிறோம். நாள்தோறும் இதே வேலை என்றால் தோள் என்ன செய்யும்?

இவ்வலிக்கு வைத்தியர்கள் இட்ட பெயர் தோள் நெரிசல் என்பதாகும். தோளின் மேலே கூரை போல ஓர் எலும்பு இருக்கிறது. அதன் அடியில், கையைத் தூக்க உதவும் தசைநாண் ஓடுகிறது. இரண்டிற்கும் நடுவே மெத்தை போன்ற ஒரு சிறு பை. கை உயரும்போது அவ்விடம் குறுகும். ஓயாமல் பாரம் ஏறினால் நாண் நொந்து போகும்; பையும் வீங்கலாம். கையைப் பக்கவாட்டில் தூக்கினால் பாதி வழியில் சுரீரென்று வலிக்கும். இரவில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாது. எலும்பு உரசுவதே காரணம் என்று 1972-இல் அமெரிக்க அறுவை வைத்தியர் சார்லஸ் நீர் என்பவர் எழுதினார். நாண் தாங்கும் அளவுக்கு மேல் வேலை வாங்குவதே பெரிய காரணம் என்று இன்று பலர் கருதுகின்றனர்.

அப்படியானால் உருவுவது பயன் தருமா? தரும். அதை மறுப்பதற்கில்லை. கழுத்திலும் முதுகிலும் இறுகிய தசை தளரும். வலி சற்று அடங்கும். அன்றிரவு தூக்கம் வரும். உழைத்துக் களைத்தவனுக்கு அது சிறிய உதவியன்று. ஆனால் அது தற்காலிக சுகமே. நொந்த நாணுக்கு உருவுதல் வலுவூட்டாது. மறுநாள் காலையில் அதே கம்பைத் தூக்கினால் வலி திரும்பி வந்து நிற்கும்.

இதை எழுதுபவன் பட்டறிந்தவன். வலது தோள் வலித்தபோது பக்கத்து லயத்துப் பெரியப்பா தைலம் தேய்த்து உருவி விட்டார். இரண்டு நாள் சுகம், மூன்றாம் நாள் பழையபடி வலி. இப்படியே நான்கு மாதம் ஓடிற்று. கை தூக்க முடியாமற் போன பிறகுதான் கிளினிக்குக்குப் போனேன். பிறகு இலகுவான வேலை கேட்டேன். “எப்போதிருந்து வலி? சீட்டு எங்கே?” என்றார்கள். சீட்டு ஏது? நான்கு மாத வேதனைக்குச் சாட்சி ஒரு காலித் தைலப் புட்டிதான்!

நாம் சொல்ல வந்தது இதுவே. உருவுவதில் தவறில்லை, உருவுவதோடு நின்றுவிடுவதே தவறு. லயத்துக்குள் உருவித் தணித்த வலி எந்த ஏட்டிலும் ஏறாது. ஏட்டில் ஏறாத வலி, நிர்வாகத்தின் கணக்கில் இல்லாத வலி. வேலை தந்த நோயை நம் சொந்த நோயாக நாமே சுமக்கிறோம்.

“கிளினிக்குக்குப் போனால் ஒருநாள் சம்பளம் போகுமே” என்பீர்கள். தீபகற்ப மலேசியாவில் நடப்பிலுள்ள 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி சம்பளத்துடன் நோய் விடுப்பு உண்டு. இரண்டாண்டுக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டுக்கு 14 நாள்; ஐந்தாண்டுக்குக் குறைந்த சேவைக்கு 18 நாள்; அதற்கு மேல் 22 நாள். ஆனால் வைத்தியர் சீட்டு வேண்டும். உருவுகிறவர் எத்தனை கைதேர்ந்தவராயினும் அவர் சொல் அங்கே செல்லாது.

“போனால் கத்தி வைப்பார்களே” என்று அஞ்சுவோரும் உண்டு. அந்த அச்சம் வேண்டாம். இந்நோயில் எலும்பைச் செதுக்கும் அறுவை பற்றி பிரிட்டனில் 313 பேரை வைத்துச் சோதித்தார்கள். செதுக்காமல் உள்ளே குழாய் விட்டுப் பார்த்ததோடு நிறுத்தியவர்களைவிட, செதுக்கப்பட்டவர்கள் கூடுதல் நன்மை பெறவில்லை என்று 2018-இல் முடிவு வந்தது. இன்று முதல் சிகிச்சை தேகப்பயிற்சியே. ரப்பர் பட்டையைக் கதவில் கட்டி, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, முன்கையை வெளிப்புறம் மெல்லத் திருப்பி இழுப்பது அவற்றுள் ஒன்று. கிளினிக்கில் முறையாகக் கற்றுக்கொண்டு சுமார் மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டும். அதோடு தலைக்கு மேல் கை தூக்கும் வேலையும் குறைய வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. விழுந்து அடிபட்ட தோளையும், திடீரென்று தூக்க முடியாமற் போன கையையும், காய்ச்சலோடு வீங்கிய மூட்டையும் உருவவே கூடாது. இடது தோள் வலியோடு மார்பு இறுகி வியர்த்தால் அது இருதய நோயாக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. 1969-ஆம் ஆண்டின் சொக்சோ சட்டம் வேலைக் காயத்தோடு தொழில் நோயையும் சேர்த்துக் கொள்கிறது. தோள்வலி ஒவ்வொன்றும் தொழில் நோய் ஆகிவிடாது; ஆராய்ந்தே முடிவு செய்வார்கள். ஆராய்வதற்குப் பதிவு வேண்டாமா? திருத்தப்பட்ட பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி 2024 ஜூன் 1 முதல், வேலையிடத்து அபாயங்களை முதலாளி மதிப்பிட்டே ஆக வேண்டும். நாள் முழுதும் அண்ணாந்து கம்பு பிடிப்பதும் அந்த மதிப்பீட்டில் வரவேண்டும் என்று கேளுங்கள். ஒரே ஆளை நாள்தோறும் உயர்ந்த மரங்களில் நிறுத்தாமல் வேலையை மாற்றித் தரச் சொல்லுங்கள்.

ஆகவே தோழர்களே, இன்றிரவு தைலம் தேய்த்துக்கொள்ளுங்கள். உருவி விடும் பெரியவருக்கு நன்றியும் சொல்லுங்கள். ஆனால் வலி விடாது தொடர்ந்தால் கிளினிக்குக்குப் போங்கள். என்ன வேலை செய்கிறீர்கள், கை எவ்வளவு உயர்கிறது, எத்தனை நாளாக வலி என்று சொல்லி எழுதச் செய்யுங்கள். சீட்டை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். ஒரு நகலைத் தோட்டக் கமிட்டிச் செயலாளரிடம் கொடுங்கள். ஒருவன் தோள்வலி அவனோடு போகும். பத்துப் பேர் சீட்டு ஒன்றாகச் சேர்ந்தால் அது பேச்சு மேசைக்கு வரும்!