வி.பி.ஸ்கிரிப்ட் போகட்டும், ஃபைல்கள் போகக்கூடாது

கடை, டியூஷன் சென்டர், சிறிய அலுவலகம் என்று பல இடங்களில் ஒரு பழைய வி.பி.ஸ்கிரிப்ட் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. மாலையானால் பில் விவரங்களை ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் சேர்க்கும்; அல்லது ஒரு போல்டரை பென் டிரைவில் காப்பி செய்யும். எழுதிக் கொடுத்தவர் வேலை மாறிப் போயிருப்பார். ஓடுகிற வரை யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை.

இனி பார்த்தாக வேண்டும். வி.பி.ஸ்கிரிப்ட்டைப் படிப்படியாகக் கைவிடப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023 அக்டோபரில் அறிவித்தது. 2027 வாக்கில் விண்டோஸில் அது தானாக இயங்காது, பிறகு முற்றிலும் நீக்கப்படும் என்பது 2024-ல் வெளியிட்ட திட்டம். 1996-ல் வந்த மொழி, என்னைவிட மூத்தது. போவதில் எனக்கு வருத்தமில்லை.

ஆனால் அதோடு பழகிய ஃபைல் சிஸ்டம் ஆப்ஜெக்ட் நல்ல ஏற்பாடு. முதலில் ஒரு ஆப்ஜெக்டை உருவாக்குகிறோம். அதனிடம் ஃபைலின் பெயரைச் சொல்லித் திறக்கச் சொன்னால் இன்னொரு ஆப்ஜெக்ட் கிடைக்கிறது. ஒரு வரி படி, ஒரு வரி எழுது, மூடு என்று அதனிடம் கேட்டால் போதும். டிஸ்க்கில் எந்த இடத்தில் என்ன இருக்கிறது என்ற கவலை நமக்கில்லை. இது தனி டி.எல்.எல். ஃபைலில் இருப்பதால், இதைப் பயன்படுத்தும் எக்செல் மேக்ரோக்கள் வி.பி.ஸ்கிரிப்ட் போனாலும் நின்றுவிடாது. இந்த வித்தியாசம் தெரியாமல் எல்லாவற்றையும் மாற்றச் சொல்பவர்களிடம் பணம் கொடுத்துவிடாதீர்கள்.

குறைகளும் உண்டு. எழுதுவதற்காக ஒரு ஃபைலைத் திறந்தாலே உள்ளே இருந்தது அழிந்துவிடும்; ஒரு எழுத்துகூட எழுத வேண்டியதில்லை. கடைசியில் சேர்ப்பதற்கு எண் 8, புதிதாக எழுத எண் 2. ஒரு இலக்கம் மாறினால் ஆறு மாதக் கணக்கு காலி! இதன் மூலம் டெலீட் செய்த ஃபைல் ரீசைக்கிள் பின்னுக்கும் போகாது. 2000 மே மாதம் உலகைச் சுற்றிய ‘ஐ லவ் யூ’ வைரஸ், பலருடைய போட்டோ ஃபைல்களின் மேல் தன்னையே எழுதிவைத்தது இதே ஆப்ஜெக்டைக் கொண்டுதான்.

நமக்கு இன்னொரு தலைவலி தமிழ். எதுவும் சொல்லாமல் திறந்தால் இந்த ஆப்ஜெக்ட் பழைய கோட் பேஜில்தான் படிக்கும். யூனிகோட் என்று சொன்னாலும் அதற்குத் தெரிந்தது யூ.டி.எஃப்-16 மட்டுமே. நோட்பேடோ 2019 முதல் யூ.டி.எஃப்-8 முறையில் சேவ் செய்கிறது. அதில் டைப் செய்த வாடிக்கையாளர் பெயரைப் பழைய ஸ்கிரிப்ட் படித்தால், கொம்பு வைத்த ஆங்கில எழுத்துக்களாக வரும்.

எனவே பைதானுக்கு மாறும்போது வரிக்கு வரி அப்படியே மாற்றுவது வீண் வேலை என்பது என் கருத்து. ஏ.ஐ. கருவியிடம் கொடுத்து மாற்றினாலும், நீங்கள் கேட்காவிட்டால் பழைய குறைகள் அப்படியே புதிய ஸ்கிரிப்ட்டுக்கு வரலாம். மூன்றைக் கேட்டு வாங்குங்கள். ஃபைலை ‘வித்’ கட்டளையால் திறக்க வேண்டும். நடுவில் பிழை வந்தாலும் அது ஃபைலை மூடிவிடும். என்கோடிங் யூ.டி.எஃப்-8 என்று ஒவ்வொரு முறையும் எழுத வேண்டும். விண்டோஸில் பைதானும் நெடுநாள் பழைய கோட் பேஜையே எடுத்துக்கொண்டது. புதிய ஃபைலுக்கு ‘டபிள்யூ’வுக்குப் பதில் ‘எக்ஸ்’ என்று கொடுத்தால், அதே பெயரில் ஃபைல் ஏற்கெனவே இருந்தால் அழிக்காமல் பிழை காட்டி நிற்கும்.

இந்த வாரமே வி.பி.எஸ். என்று முடியும் ஃபைல்களை உங்கள் கம்ப்யூட்டரில் தேடிப் பாருங்கள். டாஸ்க் ஷெட்யூலரையும் ஸ்டார்ட்அப் போல்டரையும் விட்டுவிடாதீர்கள். கிடைத்ததை நோட்பேடில் திறக்க ரைட் கிளிக் செய்து எடிட் கொடுங்கள். டபுள் கிளிக் செய்தால் ஓடிவிடும்.