படியளப்பவர் யார்?

"அரசாங்கமே தமிழில் இலவசமாகச் செய்தி தருகின்றதே, நீங்கள் ஏன் சந்தா கேட்டு அலைகின்றீர்கள்?" என்று சட்டத்தொழில் நண்பர் ஒருவர் எம்மை வினவினார். அரசாங்கத் தகவல் திணைக்களத்தின் மும்மொழி இணையத்தளத்தையே அவர் சுட்டினார். வினா நியாயமானது. விடைக்கு நாம் பால்கன் நாடுகள் வரை செல்லவேண்டியிருக்கின்றது.

கொசோவோப் போர் மூண்டிருந்த 1999 ஆம் ஆண்டையொட்டி அந்நாடுகளுக்கென ஒரு செய்தித்தளம் தோன்றிற்று. பின்னர் அது 'சவுத்ஈஸ்ட் யூரோப்பியன் ரைம்ஸ்' எனப் பெயர்பெற்றது. ஒரு காலத்தில் அல்பேனியம், பொஸ்னியம், பல்கேரியம், குரோவேசியம், கிரேக்கம், மசிடோனியம், ருமேனியம், சேர்பியம், துருக்கியம், ஆங்கிலம் எனப் பத்து மொழிகளில் அது வெளிவந்தது. யூகோசிலாவியா ஒரே மொழியாகக் கட்டிவைத்திருந்ததை மூன்றாகப் பிரித்து, அவ்வம் மக்கள் இட்ட பெயரையே அது வழங்கிற்று. மசிடோனியம் தனிமொழி அன்றென்று பல்கேரியா இன்றும் வாதிடுகின்றது. அத்தளமோ இரண்டையும் அருகருகே நிறுத்திற்று. 1956 முதல் மொழியுரிமைக்கு வழக்காடிவரும் நாம் இதைக் கண்டு சற்றே பொறாமை கொண்டோம் என்பதை ஏன் ஒளிக்கவேண்டும்?

ஆயினும், காணி உறுதியைக் கையிலெடுக்கும் கமக்காரர் அதன் எழுத்தழகைப் பார்ப்பதில்லை. உரித்தாளர் பெயரைத் தேடுவார். இத்தளத்திலும் அப்பெயர் மறைக்கப்படவில்லை. தளத்தைப் பற்றிய குறிப்பைத் தேடிச் சென்றவர்க்கு அது கிடைத்தது: அமெரிக்கப் படைகளின் ஐரோப்பியக் கட்டளைப்பீடம், தலைமையகம் ஜேர்மனியின் ஸ்ருட்காட் நகர். செய்தியை மட்டும் படித்தெழுந்தவர் எத்தனை பேர் அக்குறிப்பு வரை சென்றிருப்பர்? வட ஆபிரிக்காவுக்கும் அரபு, பிரெஞ்சு, ஆங்கிலம் ஆகிய மொழிகளில் 'மகரேபியா' என்ற தளம் அமெரிக்கப் படைத்துறையின் பணத்திலேயே நடந்தது.

அவை பொய் எழுதின என்பதன்று எமது வழக்கு. எழுதியோர் பலர் அந்தந்த நாட்டுச் செய்தியாளரே. அவர்தம் உழைப்பை நாம் இகழோம். எதை எழுதாது விடுவது என்ற அதிகாரம் படியளப்பவரிடமே தங்கிவிடுகின்றது. அதைக் கேள்விகேட்க வாசகனுக்கு உரித்தில்லை. நாம் சொல்வது இதுவே.

2013 டிசெம்பரில் கையொப்பமான பாதுகாப்புச் செலவுச் சட்டம் இத்தகைய தளங்களுக்கான நிதியை நிறுத்திற்று. பத்து மொழி பேசிய அத்தளம் இன்று இல்லை. சோபியாவிலும் சரயேவோவிலும் இருந்து அதைப் படித்தவர் எவருக்கும் அந்த வாக்கெடுப்பில் கையுயர்த்தும் உரிமை இருக்கவில்லை.

திணைக்களத்தின் தமிழை நாம் வேண்டாமென்போமல்லோம். 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. வரி செலுத்தும் எம் மக்களுக்கு அது கொடையன்று, கடன். பிழையின்றி எழுதும்படி இன்னும் உரத்துக் கேட்போம். ஆனால் அங்கே ஒலிப்பது அமைச்சரின் குரல். அவரிடம் நாம் கேட்கவேண்டிய கேள்வியை அவரே அச்சிடுவாரென எதிர்பார்ப்பது எங்ஙனம்?

நண்பர் இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டுச் சந்தாவைச் செலுத்திவிட்டார். சட்டத்தரணி அன்றோ, ஆறு மாதத்துக்கு மட்டும்.